மலரில் அந்தச் சுவருக்கும் பக்கம் வேண்டும்

மரியே வாழ்க!

அன்பான ஊர்ச் சொந்தங்களுக்கு,

விழா மலரில் என்னென்ன வரலாம் என்று நம் மடற்குழுவில் தொடங்கிய மடல்கள் இப்போது வேறு பக்கம் திரும்பிவிட்டன. மஸ்கட் அண்ணாச்சி எழுதியதன் சாரம் இதுதான்: "புனிதர் தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்கிய ஊர் வடக்கன்குளம் என்று பெருமையாகப் போடுவோம். பள்ளிக்கூடங்களைப் பற்றிப் போடுவோம். கோயிலுக்குள் சாதி பிரித்து நின்ற அந்தச் சுவர் கதையை மட்டும் தோண்ட வேண்டாம். படிக்கிற பிள்ளைகளுக்கு அது எதற்கு?" பலர் அவர் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். நடுவில் டொராண்டோத் தம்பி, "நம்ம கோயில் பேன்ட் மாதிரி இருக்கும்னு இங்கே ஒருத்தர் சொன்னார், நிஜமா?" என்று கேட்டிருந்தார். அதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. சுவரை மலரில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான காரணத்தைத் தம்பிக்குப் பதில் சொல்கிற சாக்கில் சொல்லிவிடுகிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிஜம்தான் தம்பி. நம் திருக்குடும்பக் கோயிலுக்குக் கால்சட்டைக் கோயில் என்று ஒரு பெயர் உண்டு. சாதியும் கிறிஸ்தவமும் பற்றி எழுதுகிற வரலாற்று ஆசிரியர்கள் நம் ஊரைத் தொடும்போதெல்லாம் அந்தப் பெயர் தவறாமல் வரும். 1872-இல் எழுந்த கட்டடம். சாதாரணமாகக் கோயில் என்றால் நீளமாக ஒரு கூடம், அதன் கோடியில் பீடம். நம் கோயிலில் கூடம் இரண்டு. இரண்டும் தனித்தனியே தொடங்கிச் சாய்வாக வந்து ஒரே பீடத்தில் சேரும். மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு ஒன்று, கால் இரண்டு. ஒரு காலில் பிள்ளைமாரும் முதலிமாரும். மறு காலில் நாடார்களும் மற்றச் சாதியாரும். பீடத்தில் பூசை வைக்கிற சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இரண்டு பக்கத்தாருக்கும் சாமியார் தெரிவார். ஒரு பக்கத்து ஆட்களை மறுபக்கத்து ஆட்கள் பார்க்க முடியாது. அதற்கென்றே சுவர் இருந்தது.

ஏன் இவ்வளவு சிரமப்பட்டார்கள் என்று யோசித்தால், எனக்குத் தோன்றுவது இது. இரண்டு கோயில் கட்டியிருந்தால் சபை இரண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒரே கூடமாகக் கட்டினால் ஒரு சாரார் காலெடுத்து வைக்க மாட்டார்கள். ஆகவே பூசை ஒன்று, நற்கருணை ஒன்று, மக்கள் மட்டும் இரண்டு. கட்டடக் கலை என்று பார்த்தால் புத்திசாலித்தனமான வேலை. அந்தப் புத்தியை எதற்குச் செலவழித்தார்கள் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

இதைக் கட்டுவித்த சேசு சபை (ஜெசூட்) குருக்களை ஒரேயடியாகத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் நிலையையும் பார்க்க வேண்டும். 1773-இல் ரோமாபுரி சேசு சபையையே கலைத்துவிட்டது. பிரெஞ்சுச் சேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தது 1838 வாக்கில். இடைப்பட்ட காலத்தில் இங்கே பொறுப்பிலிருந்த, போர்ச்சுகல் அரசனுக்குக் கட்டுப்பட்ட கோவாக் குருக்கள் லேசில் இடம் விடவில்லை. போர்ச்சுகல் அரசனுக்கு அதிகாரமா, ரோமைக்கு அதிகாரமா என்ற இழுபறி ஊர் ஊராக நடந்தது. அது போதாதென்று புரொட்டஸ்டண்ட் மிஷன்கள் வேறு. நமக்கு அந்தண்டைப் பக்கம் இடையன்குடியில் 1841 முதல் கால்டுவெல் ஐயர் உட்கார்ந்திருக்கிறார். எந்தச் சாதிக்காரருக்கு மனத்தாங்கல் வந்தாலும் "சாமி, நாங்கள் அந்தப் பக்கம் போய்விடுவோம்" என்று சொல்ல வழி இருந்தது. எதிர்க்கடை திறந்திருக்கும் தெருவில் வியாபாரம் செய்கிறவர் பாடுதான் அந்தச் சாமியார்கள் பாடும். அதனால் பொறுத்துப் போனார்கள். ஆனால் இருக்கிற பிரிவைப் பொறுத்துப் போவதோடு நிற்காமல், செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு அதற்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்களே, அதை எந்த நெருக்கடியைச் சொல்லியும் என்னால் சரிக்கட்ட முடியவில்லை.

இந்த ஏற்பாட்டின் வேர் இன்னும் பழையது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியாரை மறையில் சேர்க்க வேண்டுமானால் அவர்களுடைய பழக்கவழக்கங்களோடு சேர்க்க வேண்டும் என்ற வழியைப் பிடித்தார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சாதாரண சமூக அடையாளங்கள், மதத்துக்கு விரோதமில்லை என்று வாதாடினார். 1623-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார் அதற்குச் சம்மதமும் கொடுத்தார். அப்புறம் குருக்களிலேயே இரண்டு வகை வந்தது. உயர்சாதியாருக்குச் சன்னியாசிக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள். மலபார் சடங்குகள் என்ற பெயரில் இதெல்லாம் நூறு வருஷத்துக்கு மேல் ரோமையில் வழக்காடப்பட்டு, 1744-இல் 14-ஆம் ஆசீர்வாதப்பர் ஒரு முடிவு கட்டினார். சடங்குகளில் பெரும்பாலானவற்றுக்குத் தடை விழுந்தது. ஆனால் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தொண்டு செய்யத் தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு தொடர்ந்தது. ஓட்டை எங்கே இருந்தது என்று பார்த்தீர்களா?

அதற்கு அடுத்த வருஷம் 1745. இந்த வருஷத்தை மலரில் கொட்டை எழுத்தில் போடப் போகிறோம். அதே வருஷம் புதுச்சேரியில் என்ன நடந்தது என்பதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அங்கே கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் முறையிட, சாமியார் அதை இடிக்கச் சொன்னார். உடனே உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போய்ச் சண்டைக்கு வந்துவிட்டார்கள். நம் ஊரில் ஒருவர் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்த வருஷத்தில்தான் அங்கே அந்தச் சுவர்ச் சண்டை.

அந்த ஒருவரின் கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் வேகமாகச் சொல்கிறேன். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, 1712-இல் பிறந்தவர், மார்த்தாண்ட வர்மா அரசில் உத்தியோகம். 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய் மூலமாக மறையை அறிந்தார். திருவிதாங்கூர் எல்லைக்குள் ஞானஸ்நானம் வாங்கினால் ஆபத்து என்று எல்லைக்கு இப்பால் நம் ஊருக்கு வந்தார். பரஞ்சோதிநாதர் என்று நம்மவர்கள் அழைத்த புத்தாரி அடிகளார் 1745 மே மாதம் அவருக்கு லாசர், அதாவது தேவசகாயம் என்று பெயரிட்டார். 1749-இல் கைது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். மனைவி ஞானப்பூ அம்மாள் நம் ஊருக்கு வந்து வாழ்ந்து, நம் ஊர் மண்ணிலேயே அடங்கினார். எல்லாப் பேச்சிலும் அந்த அம்மாளை ஓரத்தில் தள்ளிவிடுகிறோம். மலரிலாவது அவருக்கு நல்ல இடம் கொடுக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. புனிதர் பட்டம் கொடுத்தபோது வாத்திக்கான் தந்த வரலாற்றுக் குறிப்பில், சாதி வேற்றுமை இருந்தும் எல்லா மனிதரும் சமம் என்று அவர் வலியுறுத்தினார், அதனால் மேல்தட்டாரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார் என்றுதான் இருக்கிறது. 2012 டிசம்பர் 2-இல் நாகர்கோவிலில் முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தபோது அவர் பெயரோடு 'பிள்ளை' ஒட்டிக்கொண்டிருந்தது. சாதிக்கு எதிராக நின்றவர் பெயரில் சாதி எதற்கு என்று கேள்வி எழுந்தது. 2022 மே 15-இல் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தபோது வெறும் தேவசகாயம். ரோமையே அதை எடுத்துவிட்டது. இப்போது யோசித்துப் பாருங்கள், அண்ணாச்சி. அந்த மனிதர் உயிரை விட்டுச் சரியாக 120 வருஷம் கழித்து, அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஊரில் இரண்டு கால் வைத்துக் கோயில் எழும்புகிறது. அவர் படத்தை அட்டையில் போட்டுவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால், அவர் எதற்காகப் பகை தேடிக்கொண்டார் என்பதையும் சொல்லாமல் விட்டதாகத்தானே ஆகும்?

சரி, சுவர் எப்படி விழுந்தது?

முதலில், சண்டை உட்காரும் இடத்தோடு மட்டும் நிற்கவில்லை. பீடத்துக்குள் பூசைக்கு உதவி செய்கிறவர் யார், கோயில்பிள்ளை வேலை யாருக்கு, பாடகர் குழுவில் யார், சப்பரத்தில் கை வைக்கிறவர் யார், முதல் மரியாதை யாருக்கு என்பதுதான் தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஊர்களில் வழக்கமாகப் புகைகிற விஷயங்கள். தேங்காயும் பரிவட்டமும் இல்லையே தவிர, பக்கத்து ஊர்க் கோவில் கொடைகளில் நடக்கிற தகராறுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வடக்கன்குளம் சபைக்கு அடி போட்டவர்களில் சாந்தாயி என்ற நாடார் குலப் பெண்ணைச் சொல்வது ஊர் மரபு. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் குடும்பத்தோடு வந்து குடியேறியவர். அவர் வழியில் வந்தவர்களுக்குக் கோயிலில் இரண்டாம் இடம் என்றால் எத்தனை தலைமுறைக்குப் பேசாமல் இருப்பார்கள்?

அதோடு 19-ஆம் நூற்றாண்டில் நாடார்களின் நிலை வேகமாக மாறிக்கொண்டிருந்தது. பனையை மட்டும் நம்பியிருந்த சமூகம் கருப்பட்டி, பருத்தி, பலசரக்கு என்று வியாபாரத்தில் இறங்கியது. பிள்ளைகள் மிஷன் பள்ளிகளில் படித்தார்கள். எல்லைக்கு அப்பால் தென் திருவிதாங்கூரில் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த போராட்டம் 1859 அரச அறிவிப்பில் வந்து நின்றது. வடக்கே கமுதியில் 1897-இல் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நுழைய, இராமநாதபுரம் அரசர் வழக்குப் போட்டார். 1899-இல் சிவகாசிக் கலவரம். கமுதி வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் நாடார்களுக்குக் கோவில் நுழைய உரிமை இல்லை என்று முடிந்தது. இதையெல்லாம் நம் ஊர் நாடார்கள் கேள்விப்படாமலா இருந்திருப்பார்கள்?

இந்த நேரத்தில் நம் ஊரில் பொறுப்பில் இருந்தவர் கௌசானல் அடிகளார். பாளையங்கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட இயேசுவின் திரு இருதய சகோதரர்கள் சபையைத் தொடங்கிய அதே கௌசானல். 1910-இல் அவர் சுவரை இடிக்க வைத்தார். அவரை நாடார் பக்கம் சாய்ந்தவர் என்று அந்தக் காலத்தில் சிலர் குறை சொன்னார்கள். இருக்கட்டுமே. சுவருக்கு இரண்டு பக்கமும் நடுவில் நின்று நியாயம் பேச முடியாத கட்டடம் அது. யாராவது ஒரு பக்கம் சாய்ந்துதான் அதை இடித்திருக்க முடியும்.

பிள்ளைமார் தரப்பு நீதிமன்றம் போனது. வழக்கின் பெயர் மைக்கேல் பிள்ளை எதிர் பார்த். பார்த் என்பவர் திருச்சி ஆயர். தூத்துக்குடி மறைமாவட்டம் 1923-இல்தான் பிரிந்தது, அதனால் நாம் அப்போது திருச்சிக்குக் கீழே. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு 1917 தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. இன்றும் சட்டக் கல்லூரியில் சாதி வழக்குகளைப் படிக்கிறவர்கள் அதைத் தொடாமல் போக முடியாது. நம் ஊரின் பெயர் சட்டப் புத்தகத்தில் நிற்பது இதற்காகத்தான் என்பதை எத்தனை பேர் தெரிந்து வைத்திருக்கிறோம்?

அவர்கள் கேட்டது இரண்டு. ஒன்று, தங்களையும் நாடார்களையும் பிரித்த சுவரை ஆயர் திரும்பக் கட்டித் தர வேண்டும். இரண்டு, பீடத்துப் பணிகளில் தங்களுக்கே முதன்மை என்று அறிவிக்க வேண்டும். தீட்டு என்ற சொல்லை அவர்கள் முன்னால் வைக்கவில்லை. நிம்மதியாக வழிபடுவதற்கு இடைஞ்சல், அதை நீக்கித் தர வேண்டும் என்ற மாதிரிதான் மனு. நீதிபதிகள் அதற்கு மயங்கவில்லை. இன்னொருவர் பக்கத்தில் வரக்கூடாது என்ற உரிமைக்கு ஒரே ஒரு வேர்தான் இருக்க முடியும், அது தீட்டு என்று சொல்லிவிட்டார்கள். தீட்டு இந்து சமய ஆசாரம். வாதிகளும் சரி, எதிர்த் தரப்பு நாடார்களும் சரி, இந்து சமயத்தில் இல்லை. கிறிஸ்தவர்களுக்கிடையில் தீட்டை அமல்படுத்த இந்த நீதிமன்றம் வராது. வழக்கு தள்ளுபடி.

இதைக் கமுதியோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். பத்து வருஷ இடைவெளிக்குள் இரண்டு தீர்ப்புகள். நாடார் இந்துவாக நின்று கோவில் வாசலில் உரிமை கேட்டபோது சட்டம் கதவைச் சாத்தியது. நாடார் கிறிஸ்தவராக நின்றபோது அதே சட்டம் சுவரைத் திரும்ப எழுப்ப மறுத்தது. நாடார் வரலாறு எழுதுகிறவர்கள் கமுதிக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறார்கள், வடக்கன்குளத்துக்கு ஒரு பத்தியோடு சரி. எனக்கு அது வருத்தம்தான்.

இந்த இடத்தில் மலரை முடித்து, "சுவர் விழுந்தது, சமத்துவம் வந்தது" என்று போட்டால் அண்ணாச்சிகூடச் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அதுவும் பாதிக் கதை.

சிங்கப்பூர் அக்கா எழுதியிருந்தார்கள்: "இப்போ எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே வரிசையில் நன்மை (நற்கருணை) வாங்குகிறோம். சுவர் இடிந்து நூறு வருஷத்துக்கு மேலாச்சு. எதற்குப் பழைய பேச்சு?" ஒரே பெஞ்ச் என்பது உண்மை அக்கா. ஆனால் கல்யாணப் பேச்சு வரும்போது என்ன நடக்கிறது? கத்தோலிக்கப் பத்திரிகைகளின் மணமக்கள் பகுதியைத் திறந்தால் 'ஆர்.சி. நாடார்', 'ஆர்.சி. பிள்ளை', 'ஆர்.சி. வன்னியர்' என்று கால் கால்களாகப் பிரித்துத்தானே வருகிறது? நம் மடற்குழுவிலேயே வரன் கேட்டு வருகிற மடல்களில் தட்டச்சு செய்யாமல் விடுகிற ஒரு சொல், தனி அழைப்பில் முதல் கேள்வியாக வந்துவிடுகிறது. நீங்கள் எல்லாரும் அறிவீர்கள்.

சுவரை இடித்தவர்களும் அவர்களுக்குக் கீழே என்று வைத்த ஒரு சாராரை எப்படி நடத்தினார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. இதைப் பிள்ளைமார், நாடார் என்ற இரண்டு பேரோடு முடித்துவிட முடியாது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த சுவர் நம் காலம் வரைக்கும் நின்றதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். செத்த பிறகும் சுவர். விழுப்புரம் பக்கத்து எறையூரில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதல், தனிப் பங்கு வேண்டும் என்ற கோரிக்கை வரை போனது. 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. அங்கே நம் கோயில் மாதிரி இரண்டு கால் கிடையாது. கோயில் நேராக இருந்தாலே போதும் என்று நினைக்கிறவர்கள் எறையூரைப் பார்க்க வேண்டும். இந்திய ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட தலித் கொள்கையில், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆயர்கள் அச்சில் போட்டதை நாம் போடத் தயங்குகிறோம்.

புரொட்டஸ்டண்ட் உறவினர்கள் இதைப் படித்துவிட்டு "எங்களிடம் இதெல்லாம் இல்லை" என்று சொல்ல வந்தால், தஞ்சாவூரை ஞாபகப்படுத்துங்கள். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று சுற்றறிக்கை விட்டதும், தஞ்சை வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். வேதநாயக சாஸ்திரியாரே எதிர்த்தவர்களில் ஒருவர். இன்று நாம் உருகி உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதியவர்தான். ஒரு பகுதியார் பிறகு லுத்தரன் சபைக்குப் போனார்கள்.

இன்னொன்று என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. நம் ஊர் வழக்கில் நீதிமன்றம் சொன்ன நியாயம் இருக்கிறதே, "நீங்கள் இந்துவாக இல்லை, ஆகவே சாதி உரிமையை இங்கே கொண்டுவராதீர்கள்" என்பது. மேலே இருப்பவர் மீது அது விழுந்தபோது நமக்கு இனித்தது. அதற்குப் பிறகு 1950-இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும் என்றது. 1956-இல் சீக்கியரையும், 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை வெளியேதான். சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், இந்துத் தொழிலாளிக்குக் கொடுக்கிற பெட்டிக்கடையை எனக்கும் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் அவர் மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் அதே அளவு பாதிப்பு தொடர்கிறது என்பதை நிரூபிக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். வடக்கன்குளம் பிள்ளைமாரிடம் சட்டம் "உனக்குச் சாதி இல்லை" என்றது. செருப்புத் தைக்கிறவரிடம் "உனக்குச் சாதி இருக்கிறது என்று காட்டு" என்றது. முதலாவது மனிதருக்கு இழக்க ஒரு சுவர் இருந்தது. இரண்டாவது மனிதர் கேட்டது வெயிலுக்கு ஒதுங்க ஒரு பெட்டி. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

என் தாத்தா எந்தக் காலில் உட்கார்ந்தார் என்று இதற்குள் சிலர் கணக்குப் போட்டிருப்பீர்கள். ஊர்க்காரர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு நான் சொல்வதாக இல்லை. அந்தக் கணக்கு வராமல் இந்த மடலைப் படிக்க முடிந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அவர்களைத்தான் மலர்க் குழுவில் போட வேண்டும்.

அண்ணாச்சியின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. மலர் ஊரில் வீடு வீடாகப் போகும். "உன் பாட்டன்தானே வழக்குப் போட்டான்" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பும். அசனப் பந்தியில் முகம் சுளிப்பு வரும். அதனால் சில வரம்புகளை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. சட்டப் பதிவில் அச்சாகிவிட்ட பெயரைத் தவிர, எந்தக் குடும்பத்தின் பெயரும் வேண்டாம். யார் எந்தப் பக்கம் சாட்சி சொன்னார், யார் யாரை அடித்தார் என்ற செவிவழிக் கதைகள் வேண்டாம். கட்டடத்தின் தரைப்படம் ஒன்று கண்டிப்பாக வேண்டும், ஏனென்றால் எத்தனை வார்த்தை எழுதினாலும் அந்த இரண்டு கால் அளவுக்குப் பேசாது. டொராண்டோத் தம்பி கட்டட வரைவாளர் என்று ஞாபகம். கேள்வி கேட்ட பாவத்துக்கு அந்த வேலை அவருக்கே. தீர்ப்பின் சாரத்தை எளிய தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர, நம்மில் வக்கீலாக இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் முன்வர வேண்டும். நான் மேலே எழுதியிருப்பது சாமானியன் புரிந்துகொண்ட அளவுதான், சட்ட நுணுக்கத்தை அவர்கள் சரிபார்க்கட்டும்.

பங்குச் சாமியாரிடம் முன்பே வரைவைக் காட்டிவிடுவோம். அவர் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று அக்கா கேட்டிருந்தார்கள். கோயில் பெயரில் வரும் மலர் என்றால் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டியதுதான். சங்கத்தின் பெயரில் வரும் மலர் என்றால் நாம் முடிவு செய்யலாம். எந்தப் பெயரில் வருகிறது என்பதைச் செயற்குழு முதலில் தெளிவாக்கட்டும்.

பழைய படங்கள் யாரிடமாவது இருந்தால், குறிப்பாகக் கோயில் உட்புறம் தெரிகிற கல்யாணப் படங்கள், முதல் நன்மை வாங்கிய படங்கள், ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்புங்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடுகிறது, மின்னஞ்சலில் போடுங்கள். முகம் தெரிகிறவர்களின் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்போம். ஞானப்பூ அம்மாள் கல்லறையின் நல்ல படம் ஒன்றும் தேவை. விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் காலை வெளிச்சத்தில் எடுத்து வந்தால் நல்லது.

அண்ணாச்சிக்கு இதற்கு மேலும் கோபம் இருந்தால், எனக்குத் தனியாகப் போன் போடுங்கள். வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை, உங்களுக்கும் விடுமுறை. பொதுவில் சொல்ல வேண்டியது இருந்தால் இங்கேயே எழுதுங்கள், தம்பிமார்களும் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன், ஷார்ஜாவிலிருந்து